4 அடி கன்சோல் டேபிள்: பொருள் எல்லாம் நல்ல பொருள், சேர்த்து வைத்தால் மட்டும் ஏன் எடுபடவில்லை?

வாசல்படி கேட்டது:

சென்னையில் அடுக்குமாடி வீடு. மெயின் கதவைத் திறந்ததும் ரேழி மாதிரி ஒரு சின்ன நடை, அங்கே ஒரு தேக்கு கன்சோல் டேபிள். அளவுகளைச் சொல்லிவிடுகிறேன், யோசனை சொல்ல வசதியாக இருக்கும்.

நடையின் அகலம் 56 இன்ச். டேபிள் நிற்கும் சுவரின் நீளம் 74 இன்ச். டேபிள் 48 நீளம், 14 அகலம், 30 உயரம். சுவரைப் பார்த்து நின்றால் வலது பக்கம் மெயின் கதவு (42 இன்ச், உள்பக்கம் திறக்கும், கீல் எதிர்ச் சுவர் பக்கம்). வலது ஓரத்தில் 4 அடி உயரத்தில் சுவிட்ச் போர்டு. இடது மூலையில், தரையிலிருந்து 5 அடிக்கு மேலே, எம்.சி.பி. (கோளாறு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) இருக்கும் டி.பி. பெட்டி, அதாவது வீட்டுக்கு மின்சாரம் பிரியும் பெட்டி, 14 இன்ச் அகலம்.

டேபிள் மேல் இப்போது இருப்பவை: சுவரில் சாய்த்து வைத்த தஞ்சாவூர் ஓவியம் (பிரேமோடு 14 × 18), 12 இன்ச் பித்தளை உருளி, 10 இன்ச் பாவை விளக்கு ஒரு ஜோடி, கண்ணாடி ஜாடி, 5 போட்டோ பிரேம், சாவிக்கிண்ணம், வைஃபை ரூட்டர். பார்த்தால் பாத்திரக்கடை அலமாரி போல இருக்கிறது. 24 × 36 இன்ச் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றும் மாட்டாமல் கிடக்கிறது.

1. எதை வைப்பது, எதை எடுப்பது?
2. அந்தக் கண்ணாடியை இந்தச் சுவரில் மாட்டலாமா? தட்டினால் பொத்தென்று சத்தம் வருகிறது.
3. உருளி இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம் விழுந்துவிட்டது. போகுமா?
4. நடையில் ஒரே ஒரு டியூப் லைட்தான். அதற்கு என்ன செய்யலாம்?

---

அளவுகோல் பதில்:

அளவுகளைக் கொடுத்தது பெரிய உதவி. முதலில் நடமாட்டம். 56-இல் டேபிள் 14 போனால் 42 இன்ச் மிச்சம். ஒருவர் பை தூக்கிக்கொண்டு நடக்க 36 போதும், ஆகவே டேபிள் அங்கேயே இருக்கலாம்.

கூட்டமாகத் தெரிவதற்குக் காரணம் பொருட்களின் எண்ணிக்கை மட்டும் அல்ல. உங்களிடம் உள்ளவை பெரும்பாலும் 8 முதல் 18 இன்ச் உயரத்துக்குள் இருக்கின்றன. எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரமாக வரிசையில் நின்றால் கண் எதிலும் தங்காது. 48 இன்ச் டேபிளுக்கு மேலே சுவரில் ஒரு பெரிய பொருள் வேண்டும், அகலத்தில் டேபிளின் பாதிக்குக் குறையாமல், முக்கால் பங்குக்கு மிகாமல். 14 இன்ச் அகல ஓவியத்தால் அந்த வேலையைச் செய்ய முடியாது. அதைச் சாய்த்து வைத்து முன்னால் விளக்கை வேறு நிறுத்தினால், ஓவியத்துக்கும் கேடு. கண்ணாடிதான் சரி.

படுக்கைவாட்டில் மாட்டினால் 36 அகலம் கிடைக்கும், அளவுக்கு அது இன்னும் பொருத்தம். ஆனால் டேபிள் 30, இடைவெளி 7, கண்ணாடி 24 என்று கூட்டினால் மேல் விளிம்பு 61 இன்ச்சில் நின்றுவிடும். உயரமானவர் குனிந்துதான் முகம் பார்க்க வேண்டும். நிமிர்த்தி மாட்டினால் 37-இல் தொடங்கி 73 வரை போகும், நடுப்புள்ளி 55. குள்ளமானவர், உயரமானவர் இருவருக்கும் முகம் தெரியும்.

டேபிளைச் சுவரின் நடுவில் நிறுத்துங்கள், இரண்டு பக்கமும் 13 இன்ச் மிஞ்சும். கண்ணாடியை மட்டும் நடுவில் வைக்காதீர்கள். இடது மூலையிலிருந்து அளந்து 30-இல் தொடங்கி 54-இல் முடியட்டும். டேபிளின் நடுவிலிருந்து 5 இன்ச் வலது பக்கம் தள்ளி வரும். அப்படித் தள்ளினால் டி.பி. பெட்டியின் மூடி தாராளமாகத் திறக்கும், இடது பக்கம் ஓர் உயரமான விளக்குக்கும் இடம் கிடைக்கும்.

ஓவியத்தை எதிர்ச் சுவரில் மாட்டுங்கள். கதவு முழுசாகத் திறந்து நின்றால் அந்தச் சுவரின் முதல் 42 இன்ச் கதவுக்குப் பின்னால் போய்விடும். அதனால் ஓவியத்தின் நடுக்கோடு கதவுப் பக்கத்திலிருந்து 58 இன்ச்சில் வரட்டும், தரையிலிருந்து நடுப்புள்ளி 57. உள்ளே கால் வைத்து ஓரடி வந்ததும் கண்ணாடியின் ஓரத்தில் ஓவியம் தெரியும். கண்ணாடி மாட்டும்போது பலரும் அதன் பிரேமைத்தான் பார்க்கிறார்கள், எதிரே அதில் என்ன விழும் என்று பார்ப்பதில்லை. செருப்பு ஸ்டாண்டு எதிரே இருந்தால் செருப்பு இரண்டு மடங்காகத் தெரியும், அவ்வளவுதான்.

இப்போது மேசை மேல். எல்லாவற்றையும் இறக்கித் தரையில் வையுங்கள். இடக்கோடியில் சுமார் 24 இன்ச் உயர டேபிள் லாம்ப். ஷேடின் குறுக்களவு 10, மிஞ்சினால் 11. 14 இன்ச் அகல டேபிளில் 12 இன்ச் ஷேட் வைத்தால் இரு பக்கமும் ஓர் இன்ச்தான் மிஞ்சும், சற்றே நகர்ந்தாலும் சுவரிலோ தோளிலோ இடிக்கும். அதை அடுத்துப் பாவை விளக்கு இரண்டும், ஒன்றுக்கொன்று 2 இன்ச் இடைவெளியில், ஒன்று சற்றே முன்னால். ஜோடி என்பதற்காக இரண்டு கோடியிலும் காவல் போல நிறுத்த வேண்டாம். 10 இன்ச் உயரம் என்பதால் அவற்றின் தலை கண்ணாடியின் அடி விளிம்புக்கு மேல் 3 இன்ச் எட்டும். அந்த ஒட்டுதல்தான் சுவரையும் மேசையையும் சேர்த்துக் கட்டுகிறது. பிறகு ஓர் அடிக்குக் குறையாமல் வெற்றிடம். வலது கோடியில், கதவுக்குப் பக்கத்தில், சாவிக்கிண்ணம். காரைக்குடி மரவை (மரக் கிண்ணம்) ஒன்று கிடைத்தால் சாவி போடும்போது சத்தமும் வராது, பித்தளைக் கிண்ணம் போலக் கீறலும் விழாது.

உருளியை இறக்கிவிடுங்கள். 12 இன்ச் வாய், அதற்கு வெளியே கைப்பிடி வேறு. 14 இன்ச் பலகையில் கைப்பிடி விளிம்புக்கு வந்து நிற்கும். டேபிளுக்கு அடியில் ஒரு மணைப்பலகை போட்டு அதன்மேல் வைத்தால் அழகாக அமையும். போட்டோக்கள் படுக்கையறைச் சுவருக்கு. கண்ணாடி ஜாடி சாப்பாட்டு மேசைக்கு.

ரூட்டரையும் அங்கே வைக்க வேண்டாம். கண்ணாடியின் பின்பூச்சு உலோகம், பித்தளையும் உலோகம். இரண்டும் சிக்னலைத் திருப்பும். எதிர்ப்பக்கம் உயரமாக ஒரு தட்டில் ஏற்றுங்கள்.

---

உளிச்சத்தம் பதில்:

கண்ணாடி மாட்டுறதைப் பத்தி நான் சொல்றேன், இதுல தப்பு நடந்தா டேபிளும் போகும் காலும் போகும்.

முதல்ல எடை. 5 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 12.5 கிலோ. உங்க 24 × 36 கிட்டத்தட்ட 0.56 சதுர மீட்டர், அப்போ வெறும் கண்ணாடியே 7 கிலோ. மரப் பிரேமும் பின்பலகையும் சேர்ந்தா 10, 11 கிலோ வரும். இதுக்கு ஒரு ஆணியும் ஒரு கம்பியும் பத்தாது. ரெண்டு திருகு கட்டாயம்.

பொத்துன்னு சத்தம் வர்றதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, உள்ளே இருக்கிறது ஏ.ஏ.சி. பிளாக், அதாவது லைட் வெயிட் கல். இன்னொண்ணு, பூச்சு கல்லை விட்டு விலகி நிக்குது. கண்டுபிடிக்க, டேபிளுக்குப் பின்னால மறையுற இடத்துல 6 மி.மீ. பிட்டால சின்னதா ஒரு துளை போடுங்க. முதல் 12 மி.மீ. எப்படியும் சாம்பல் சிமெண்ட் பூச்சுத் தூள்தான் வரும். அதுக்கப்புறம் செவப்புத் தூள் வந்தா செங்கல். வெள்ளையா மாவு மாதிரி, பிட் தானா உள்ளே போனா ஏ.ஏ.சி. சாம்பல் தூளே தொடர்ந்து வந்து பிட் நகரவே இல்லைன்னா கான்கிரீட். கண்ணாடி வர்ற இடம் முழுக்க விரலால தட்டிப் பாருங்க. சில இடம் மட்டும் பொத்துன்னு இருந்தா அது பூச்சு விலகினது. அங்கே திருகு போடாதீங்க, கொத்தனாரைக் கூப்பிட்டுத் தட்டிப் பூசச் சொல்லுங்க.

ஏ.ஏ.சி.ன்னா மெஷின்ல ஹேமரை (இடிச்சு இடிச்சுத் துளைக்கிறதை) ஆஃப் பண்ணிட்டு சும்மா சுத்த விடணும். ஹேமர் போட்டா துளை உள்ளே பெருசாகி, பிளக் (திருகைப் பிடிக்கத் துளைக்குள்ள அடிக்கிற குழல்) போட்டதும் கூடவே சுத்தும். கடையில ஏ.ஏ.சி. சுவருக்குன்னு நைலான் பிளக் கேளுங்க, அது விரியுற விதம் வேற. சாதா வெள்ளை பிளக் இதுல பிடிக்காது. நீளம் 60 மி.மீ. போதும். உள் தடுப்புச் சுவர் பெரும்பாலும் 4 இன்ச் பிளாக்தான், ரொம்ப ஆழம் போனா அந்தப் பக்க ரூம்ல பூச்சு பிச்சுக்கிட்டு வரும். பிட்ல 65 மி.மீ.ல ஒரு டேப் சுத்திக்குங்க, அதுக்கு மேல உள்ளே விடாதீங்க.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலயும் நேர் கீழயும், டி.பி. பெட்டிக்கு நேர் கீழயும் துளை போடவே கூடாது. பைப்புக்குள்ள ஒயர் அங்கேதான் இறங்கும். மேல சொன்ன 30 - 54 கணக்குல உங்க திருகு ரெண்டும் 33லயும் 51லயும் வரும், ரெண்டும் ஒயர் வழியை விட்டு விலகித்தான் இருக்கு. ஆனா போர்டுலருந்து டி.பி.க்கு அந்தக் காலத்து ஆள் சுவர்ல குறுக்கே பைப் ஓட்டியிருந்தா? எலக்ட்ரீஷியன்கிட்ட ஒரு தடவை கேட்டுட்டு, டிரில் பண்ணும்போது மெயினை இறக்கிட்டு, பக்கத்து பிளாட்லருந்து எக்ஸ்டென்ஷன் எடுத்தோ பேட்டரி மெஷின்லயோ பண்ணுங்க.

வேலை வரிசை: கண்ணாடி அளவுக்கு நியூஸ்பேப்பர் வெட்டி, பின்பக்கம் டி வளையம் ரெண்டும் எங்கே இருக்கோ அதே இடத்துல பேப்பர்ல குறி போடுங்க. பேப்பரைச் சுவர்ல ஒட்டி, தள்ளி நின்னு ஒரு நாள் பாருங்க. பிடிச்சா ரசமட்டம் வச்சு ரெண்டு குறியும் ஒரே மட்டமான்னு பார்த்துத் துளை போடுங்க. தூளை ஊதி எடுத்துட்டு பிளக்கை சுவரோட மட்டமா அடிங்க. திருகு 5 மி.மீ. வெளியே நிக்கட்டும். கண்ணாடியோட கீழ் ரெண்டு மூலையில ரப்பர் பொட்டு ஒட்டுங்க. அதுனால கண்ணாடி சுவரைத் தொடாம நிக்கும், பின்னால காத்துப் போகும். சுவர்ல ஒட்டி நின்னா, ஈரம் ஏறி ரசம் ஓரத்துல கறுத்துப் போகும். கடற்கரைப் பக்க வீட்டுல இது சீக்கிரமே வரும். துடைக்கும்போதும் தண்ணியைக் கண்ணாடி மேல தெளிக்காதீங்க, துணியில தெளிச்சுத் துடைங்க. வழிஞ்சு கீழ் விளிம்புல தேங்குறதுதான் கறுப்புக்கு முதல் காரணம்.

டேபிள் காலுக்கு நைலான் புஷ் அடிச்சிருக்கான்னு பாருங்க. தினமும் மாப் போடுற தரையில மரக் கால் நேரா நின்னா அடியில ஊறி நிறம் மாறும்.

---

பித்தளைப்பெட்டி பதில்:

வளையம் வெள்ளை என்றால் நல்ல செய்தி. ஈரம் பாலீஷ் படலத்துக்குள் மட்டும் மாட்டியிருக்கிறது, மரத்தை எட்டவில்லை. 2, 3 நாள் காற்றாட விடுங்கள், சில நேரம் தானே மறையும். மறையாவிட்டால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், 6 இன்ச் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஓட்டுங்கள். ஒரு நிமிடம் ஓட்டி, கையால் தொட்டுப் பார்த்து, மறுபடி ஒரு நிமிடம். முதலில் டேபிளின் பின் ஓரத்தில் சோதித்துவிட்டு முன்னால் வாருங்கள். சூடு அதிகமானால் பாலீஷ் கொப்புளிக்கும், அப்புறம் முழுப் பலகையையும் தேய்த்து மறுபாலீஷ் போட வேண்டியதுதான். போன பிறகு மரத்துக்கான மெழுகு கொஞ்சம் தடவித் துடையுங்கள்.

கறுப்பு வளையம் வேறு கதை. தண்ணீர் மரத்துக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். பாலீஷை எடுத்து ஆக்சாலிக் அமிலம் போட்டு வெளுக்க வேண்டும். அது நச்சு. பாலீஷ்காரரிடம் விட்டுவிடுங்கள்.

உருளி எங்கே இருந்தாலும் அடியில் பிரிமணை வையுங்கள். அடி உருண்ட பாத்திரத்துக்காகவே ஏற்பட்ட பொருள் அது. ஆட்டம் இருக்காது, அடியில் காற்று போகும். பிளாஸ்டிக் ஷீட் போட்டால் கீழே சொட்டிய நீர் வெளியேற வழியில்லாமல் அதே வளையம் திரும்ப வரும். 12 இன்ச் உருளியில் 2 இன்ச் ஆழத்துக்கு நீர் விட்டாலே 3 லிட்டருக்கு மேல் போகும், அதாவது பித்தளை எடைக்கு மேல் 3 கிலோ. ஒன்றரை இன்ச் நீர் போதும், பூ மிதந்துவிடும்.

தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். மாற்றும்போது உள்விளிம்பை நாரால் தேய்ப்பது முக்கியம். டெங்கு கொசு முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை போகாது, காய்ந்தபடி மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, நீர் பட்டதும் பொரிக்கும்.

பித்தளை துலக்க, எலுமிச்சை அளவு புளியை அரை டம்ளர் நீரில் கரைத்து ஒரு ஸ்பூன் கல்லுப்பு. தேய்த்து 5 நிமிடத்தில் கழுவிவிடுங்கள். நன்றாகப் பளிச்சிடும் என்று ராத்திரி முழுக்க ஊற வைத்தால் பித்தளையில் உள்ள துத்தநாகம் கரைந்து, மேலே செம்பு நிறமாகத் திட்டுத் திட்டாக நிற்கும். கழுவிய உடனே பாத்திரம் கழுவும் சோப்பால் ஒரு முறை தேய்த்து, பருத்தித் துணியால் ஈரமில்லாமல் துடையுங்கள். புளி மிச்சம் இருந்தால் மறுநாளே களிம்பு ஏறும்.

பாவை விளக்கை வாங்கியபோது மேலே நிறமில்லாத லாக்கர் பூசியிருந்ததா என்று பாருங்கள். பூசியிருந்தால் புளி வேண்டாம், உலர்ந்த துணி போதும். லாக்கர் திட்டாக உரிந்தால் உரிந்த இடம் மட்டும் கறுக்கும்.

விளக்கை ஏற்றுவதாக இருந்தால் இந்த மேசையில் ஏற்றாதீர்கள். கண்ணாடிக்கு முன்னால் சுடர் எரிந்தால் கரி படியும், ஒரே இடத்தில் சூடேறிக் கண்ணாடி விரிசல் விடலாம். தாம்பாளத்தில் எடுத்துப் போய் வாசல்மாடத்திலோ பூஜையறையிலோ ஏற்றி, ஆறிய பின் எண்ணெய் வழித்துத் துடைத்துத் திரும்ப வையுங்கள்.

---

மஞ்சள்வெளிச்சம் பதில்:

விளக்கு பற்றிக் கேட்டிருந்தீர்கள். டியூப் லைட் பெரும்பாலும் 6500 கெல்வின், நீலம் கலந்த வெள்ளை. அதில் தஞ்சாவூர் ஓவியத்தின் தங்கத்தகடு வெளிறி, பித்தளை பச்சையாகத் தெரியும், தேக்கு சாம்பல் அடிக்கும். நீங்கள் வைத்திருக்கும் மூன்று பொருளும் மஞ்சள் ஒளிக்காகப் பிறந்தவை. 2700 கெல்வின் பல்பு, 5 முதல் 7 வாட், பால்வெள்ளைக் கண்ணாடி உள்ளதாக வாங்குங்கள். லாம்பின் தலை தரையிலிருந்து 54 இன்ச்சில் நிற்கும். உயரமானவர் கண் அதற்கு மேலே. ஷேடின் மேல்வாய் வழியாகப் பல்பு நேரே தெரியும் என்பதால் தெளிந்த கண்ணாடி பல்பு கூசும். வாங்குமுன் ஹோல்டரைப் பாருங்கள், நம் ஊரில் பல வீடுகளில் முள் மாட்டும் பி22, ஆனால் டேபிள் லாம்புகளில் திருகும் ஈ27 நிறைய வருகிறது.

ஒயர்தான் பல மேசைகளைக் கெடுக்கிறது. உங்கள் பிளக் 4 அடி உயரத்தில் வலது பக்கம், லாம்ப் இடது பக்கம். குறுக்கே தொங்கவிட்டால் செய்த அலங்காரம் எல்லாம் வீண். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி அதே போர்டிலிருந்து சுவர் நிறக் கேசிங்-கேப்பிங்கில் (ஒயரை மூடும் பிளாஸ்டிக் பட்டை) கீழே இறக்கி, ஸ்கர்டிங்குக்கு (சுவரின் அடியில் ஓடும் பட்டை) மேலாகவே இடது காலுக்குப் பின்னால் கொண்டுபோய், அங்கே ஒரு பிளக் பாயிண்ட் வைக்கச் சொல்லுங்கள். சுவிட்ச் மேல் போர்டிலேயே இருக்கட்டும், கதவைத் திறந்ததும் கை எட்டும்.

ஓவியத்துக்கு எதிர்ச் சுவர் என்றார்கள், நல்ல இடம். ஆனால் அந்தச் சுவருக்கு அப்பால் குளியலறையா என்று பாருங்கள். தஞ்சாவூர் ஓவியத்தில் புடைப்பு வேலை சுண்ணமும் பசையும் கலந்தது. ஈரம் குடித்தால் உப்பிப் பலகையை விட்டு எழும்பும், பிறகு தகடு வெடிக்கும். சுவரில் உப்புப் பூத்திருந்தாலோ பெயிண்ட் உரிந்திருந்தாலோ அங்கே வேண்டாம். மேலிருந்து ஒரு சின்ன ஸ்பாட் லைட் 30 டிகிரி சாய்வில் விழட்டும். நேரே அடித்தால் முன்கண்ணாடியில் விளக்கே தெரியும், ஓவியம் தெரியாது.

---

வாசல்படி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சோதனைத் துளையில் வெள்ளை மாவுதான் வந்தது, ஏ.ஏ.சி. ஓவியத்துக்குச் சொன்ன எதிர்ச் சுவருக்கு அப்பால் படுக்கையறை, ஈரம் இல்லை. ஹேர் டிரையரில் வளையம் முக்கால்வாசி போய்விட்டது. சொல்ல மறந்த ஒன்று: வீட்டில் 2 வயதுக் குழந்தை. உருளியைக் கீழே வைப்பது சரிப்படுமா?

---

அளவுகோல் பதில்:

வேண்டாம், நான் சொன்னதை மாற்றிக்கொள்ளுங்கள். அந்த வயதுக் குழந்தைக்கு இரண்டு இன்ச் நீர் கூட ஆபத்து. அரளியும் போடாதீர்கள், அது நச்சுப் பூ. ரோஜா இதழ், மல்லிகை இருக்கட்டும்.

பெரிய உருளியை இரண்டு வருடம் பரணில் ஏற்றுங்கள். பூ வேண்டும் என்றால் 7, 8 இன்ச் உருளி ஒன்று மேசை மேல், சுவரை ஒட்டி, பாவை விளக்கின் இடத்தில். பாவை விளக்கு பூஜையறைக்குப் போகட்டும். கனமான கூர்முனைப் பித்தளை எட்டும் உயரத்தில் இருக்கக் கூடாது. ரன்னர் துணியும் போட வேண்டாம், முனையைப் பிடித்து இழுத்தால் எல்லாம் தலையில் விழும். மரம் வெறுமையாகத் தெரிவது பிடிக்கவில்லை என்றால் பத்தமடைப் பாய்த் துண்டு ஒன்றைப் பலகையின் விளிம்புக்கு 2 இன்ச் உள்ளேயே முடிகிற மாதிரி வெட்டி ஓரம் அடித்துப் போடலாம்.

கீழே காலியாகும் இடத்தில் 18 இன்ச் நீளப் பிரம்புக் கூடை இரண்டு சரியாக உட்காரும். ஒன்றில் குழந்தையின் செருப்பு, ஒன்றில் குடையும் பையும்.

---

உளிச்சத்தம் பதில்:

குழந்தை இருக்குன்னா டேபிளையும் சுவரோட பிடிக்கணும். 14 இன்ச் அகலத்துல 30 இன்ச் உயரம், முன்னாடி தொங்கினா சாயும். பலகைக்கு அடியில பின்பக்கச் சட்டத்துல 2 இன்ச் எல் கிளாம்ப் ரெண்டு, ரெண்டு காலுக்கும் பக்கத்துல. இடது கிளாம்ப் டி.பி.க்கு நேர் கீழ வராம, மூலையிலருந்து 22 இன்ச் தள்ளிப் போடுங்க. மரத்துல போற திருகு 16 மி.மீ.க்கு மேல வேண்டாம், சட்டம் முக்கால் இன்ச்தான் இருக்கும், தாண்டிடும். சுவர்ல அதே ஏ.ஏ.சி. பிளக். சுவருக்கும் பலகைக்கும் நடுவுல ஸ்கர்டிங் அளவுக்குச் சந்து இருக்கும், அதுக்கு ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டு வச்சு இறுக்குங்க, வெறுமனே இழுத்து இறுக்கினா கால் தூக்கும்.

லாம்ப் ஒயரை இடது காலோட உள்பக்கம் 9 இன்ச்சுக்கு ஒரு கிளிப் போட்டு இழுக்க முடியாம பண்ணுங்க. லாம்ப் அடியில ரெண்டு பக்கம் ஒட்டுற டேப் நாலு பொட்டு வச்சு அழுத்திடுங்க.